அம்மாவின் இடுப்பும் வீட்டின் ஒரே நாற்காலியும்

அம்மாவின் இடுப்பெலும்பை நான் முதன்முதலில் பார்த்தது கொழும்பில், என் வேலை மேசையில், கணினித் திரையில். காலைத் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது ஆறிப்போகும்வரை நான் திரையில் எலும்பை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்யும் கொம்பனி எலும்பு டொக்டர்மாருக்கு உதவுவது. நோயாளியின் ஸ்கேன் எங்களுக்கு வரும். பாண் ரொட்டியை மெல்லிய துண்டுகளாக வெட்டி அடுக்கியது போல நூற்றுக்கணக்கான கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றிலும் எது எலும்பு, எது சதை, எது ஏற்கெனவே வைத்த உலோகம் என்று பிரித்துக் குறிக்க வேண்டும். குறித்து முடித்தால் எலும்பு மட்டும் தனியாகத் திரையில் எழுந்து நிற்கும். பிறகு அந்த எலும்புக்கென்றே ஒரு பாகத்தை வடிவமைப்போம். பெரும்பாலும் வெளிநாட்டு நோயாளிகள். பெயர் வராது, இலக்கம்தான் வரும். அம்மாவுக்கும் ஓர் இலக்கம் போட்டிருந்தது.

எங்கள் தோட்டம் கஹவத்தைக்கு மேலே. கீழ்ப்பக்கம் ரப்பர், மேல்பக்கம் தேயிலை. அம்மா ரப்பரில் பால் வெட்டியவர். முந்தின நாள் மழையில் ஊறிய மண்படியில், இரண்டு கையிலும் பால் வாளியோடு இறங்கும்போது விழுந்தார். இடுப்பு மூட்டு முறிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மூட்டை மாற்றினார்கள். இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் ஒரு பந்தும். இரண்டுமே செயற்கையாக வைக்கப்பட்டன. அவை சரியாகத்தான் வைக்கப்பட்டிருந்தன. பிற்காலத்தில் அந்தப் பழைய எக்ஸ்ரேயை அளந்து பார்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வார்டில் சொல்லி அனுப்பிய விதிகளை அப்பாவும் நானும் ஒன்றொன்றாக நிறைவேற்றினோம். குந்தக் கூடாது, கக்கூசுக்கு உயரமான கொமோட் நாற்காலி வந்தது. கால்மேல் கால் போடக் கூடாது. அம்மாவுக்கு அந்தப் பழக்கமே இல்லை. தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. இதற்காக அப்பா, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியின் நான்கு கால்களிலும் ரப்பர் மரக்கட்டைகளை வைத்துப் போல்ட் முடுக்கினார். கை வைத்த பழைய மரநாற்காலி அது. உயர்த்திய பிறகு ஓட்டல் கெஷியர் உட்காரும் ஆசனம் போல இருந்தது. எல்லா விதிக்கும் நேரே சரி போட்டுவிட்டு நான் படிப்புக்குத் திரும்பினேன்.

அம்மா சில வருடங்கள் நன்றாகவே நடந்தார். பிறகு தொடையில் வலி, அப்புறம் இடுப்பில் வலி. இரண்டு தடவை பந்து கிண்ணத்தை விட்டு நழுவி, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. நான் வேலையில் சேர்ந்த பிறகு, ஊன்றுகோல் இல்லாமல் வாசல் இஸ்தோப்பைக்கூடத் தாண்ட முடியாத நிலை வந்தது.

எங்கள் கொம்பனியோடு சேர்ந்து வேலை செய்யும் சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவரிடம் அம்மாவைக் கூட்டிப்போனேன். அவர் சிங்களவர். அம்மாவுக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அறைக்குள் போனபோது அவர் நின்றபடி எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாடிவென்ன அம்மே" என்று நாற்காலியைக் காட்டினார். அம்மா "ஹொந்தய் மாத்தயா", நல்லது ஐயா, என்றார். ஆனால் உட்காரவில்லை. ஊன்றுகோலில் சாய்ந்து, வலிக்கும் காலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றார். டொக்டர் திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை உட்காரச் சொன்னார். அம்மா சிரித்தார், நின்றார். டொக்டர் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா உட்கார்ந்தார்.

அதை நான் கவனித்தேன் என்று சொல்ல முடியாது. பார்த்தேன், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான்.

டொக்டர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். முதலாவது: கிண்ணம் கழன்று, மேலேயும் உள்ளேயும் ஏறி, வழியில் இருந்த எலும்பை அரைத்துவிட்டது. கடையில் வரும் அளவுகளில் எந்தக் கிண்ணமும் இனி அங்கே நிற்காது. மிஞ்சியிருக்கும் எலும்பின் வடிவத்துக்கே டைட்டேனியத் தூளைப் படலம் படலமாக உருக்கி ஒரு கிண்ணத்தை அச்சிட வேண்டும். அதற்கு மூன்று சிறகுகள் இருக்கும். அவை மூன்று பக்கமும் நல்ல எலும்பில் படிந்து, திருகாணிகளால் இறுகும்.

இரண்டாவதை என்னைப் பார்த்துச் சொன்னார். இது பிடித்துக்கொண்டால் நடப்பார். இதுவும் கழன்றால் திருகாணி போட இன்னொரு முறை எலும்பு இருக்காது.

அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. எங்கள் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ரோட்டிலிருந்து மலையில் வெட்டிய படிகளில்தான் ஏற வேண்டும். நடக்க முடியாத ஒருவர் அங்கே இருந்தால், காம்பரா என்ற ஒற்றை அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். சக்கர நாற்காலியை மேலே கொண்டுபோகலாம். உருட்ட இடம் கிடையாது.

கடைசியாக அம்மாவிடம் கேட்டார்: வீட்டில் குந்துவீர்களா, தாழ்வாக உட்காருவீர்களா?

"நே மாத்தயா" என்றார் அம்மா. "வீட்டில் உயரமான நாற்காலி இருக்கிறது. மகளுடைய அப்பா செய்து தந்தது."

அடுத்த வாரம் ஸ்கேன் என் மேசைக்கு வந்தது. வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று என் மேலதிகாரி கேட்டார். வேண்டாம், நான் செய்கிறேன், நீங்கள் சரிபாருங்கள் என்றேன். பழைய உலோகம் இருக்கும் ஸ்கேன் கஷ்டமானது. உலோகம் படம் முழுவதும் வெள்ளைக் கீற்றுகளை வீசும்; எலும்பின் விளிம்பு அந்த வெளிச்சத்தில் தொலைந்துபோகும். ஒவ்வொரு துண்டாகக் கையால் வரைய வேண்டும். அம்மாவின் எலும்பு சில இடங்களில் சிகரெட் பெட்டி அட்டை அளவுக்கு மெலிந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வேலை நிறைய இருந்தது.

ஆனால் ஒரு கேள்வி இருந்தது. ஒரு பாகத்தை வடிவமைக்கும் முன், பழையது ஏன் போனது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். கிருமி: இரத்தப் பரிசோதனையும் மூட்டில் எடுத்த நீரும் சுத்தம். பழைய கிண்ணம் சாய்வாக வைக்கப்பட்டதா: இல்லை. விழுந்தாரா: முதல் தடவைக்குப் பிறகு இல்லை. உடல் பாரம்: அம்மாவை நீங்கள் பார்த்தால் கேட்கவே மாட்டீர்கள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். இடுப்பு ஆழமாக மடங்கும்போது பந்தைத் தாங்கும் உலோகக் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் இடிக்கும். மேலும் மேலும் இடித்தால் நெம்புகோல் மாதிரி கிண்ணத்தையே கிளப்பிவிடும். இரண்டு தடவை நழுவியதற்கும் அதுதான் பொருந்தியது.

வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. குந்துறீங்களா?"

"நான் ஏன்டி குந்துறேன்? நாற்காலி இருக்குல்ல. நம்பிக்க இல்லாட்டி உங்கப்பாகிட்ட கேளு."

அப்பா போனை வாங்கினார். "இல்ல புள்ள. நான் எப்ப வந்து பாத்தாலும் ராணி மாதிரி மேலதான் ஒக்காந்திருப்பா. நாந்தான் கீழ."

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது.

வடிவம் முடிந்து, டொக்டர் பார்த்து ஒப்புக்கொண்டு, அச்சிட வெளிநாட்டுக்குப் போனது. அது திரும்பி வருவதற்குள் லீவு போட்டு வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே லயம் முழுக்கப் போயிருந்தது. பக்கத்துக் காம்பரா பெரியம்மா படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் சொந்தக்காரர் இல்லை. நான் பிறந்தது முதல் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்.

"உங்கம்மா இடுப்ப அச்சடிக்கக் குடுத்திருக்கியாமே. கல்யாணக் கார்டு மாதிரியா?"

"அப்படித்தான் பெரியம்மா. ஆனா ஒண்ணே ஒண்ணுதான் அடிப்பாங்க."

"ஒண்ணா? கூட ரெண்டு அடிச்சா எனக்கும் என் மருமகளுக்கும் ஆகும்ல. கலர்லயா வரும்?"

"சாம்பல் கலர்."

"அட, அதுக்கு நம்ம அடுப்புச் சாம்பலே போதுமே" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒப்பரேஷனுக்கு முன்னால் ஆளைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பிஸ்கட் பக்கெட், பால்மா டின், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவருவார்கள். அன்று பின்னேரம் முதலில் வந்தவர் தோட்டத்து மருத்துவச்சி, மிட்வைஃப் நோனா. நான் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டோடு வெளியே வந்தபோது மிட்வைஃப் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால்கள் தரையில் படவில்லை. அம்மா அடுப்படியில் நான் உட்கார்ந்து எழுந்த பலகையை இழுத்துப் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முழங்கால்கள் நெஞ்சைத் தொட, அவர் எதிரில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் தட்டை வைத்துவிட்டு நின்றேன். திரையில் எத்தனையோ நாள் திருப்பிப் பார்த்த அந்த எலும்பு இந்த இருப்பில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கழுத்து விளிம்பில் எந்த இடத்தில் இடிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியும்.

மிட்வைஃப் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"அம்மா, இப்ப எங்க ஒக்காந்திருந்தீங்க?"

"எங்க?"

"பலகைல."

"ஆமா. அவங்க வந்திருந்தாங்கல்ல."

"டொக்டர் கேட்டப்ப தாழ்வா ஒக்கார மாட்டேன்னு சொன்னீங்க."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "நான் எங்க புள்ள ஒக்காந்தேன்? வந்தவங்களுக்கு எடம் குடுத்தேன். அவங்க போனதும் ஏறி ஒக்காந்துட்டேன்ல."

 அம்மாவின் கணக்கில் உட்காருவது என்பது தனக்காக உட்காருவது. விருந்தாளி இருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. நாற்காலியை உயர்த்திக் கொடுத்த நாளிலிருந்து, யார் வந்தாலும், அம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, எழுந்து, முந்தானையால் ஆசனத்தைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார். இந்த ஆறு வருடத்தில் அவருக்கு வலி கூடக் கூட, பார்க்க வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். வருகிறவர்கள் கூடக் கூட, பலகையும் கூடியிருக்கிறது. அப்பா வேலை முடிந்து வரும் நேரம் வந்தவர்கள் போயிருப்பார்கள். அவர் கண்டது ராணியைத்தான்.

நான் செய்த முதல் வேலை மறுநாள் காலை கஹவத்தைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியது. நாற்காலி ஒன்று, ஆட்கள் இரண்டு, எனவே இன்னொரு நாற்காலி. பஸ்ஸில் கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார். படியேற்றத்தில் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். புது நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். அம்மா தன் நாற்காலியில் இருந்தார். ஒரு நிமிடம் இருந்திருப்பார். பிறகு உள்ளே ஏதோ எடுக்கப் போகிறவர் போல எழுந்தார். திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு நான் கேட்பதற்குள் அம்மாவே சொன்னார். "அவங்க அந்தக் குட்டிப் பிளாஸ்டிக்ல ஒக்காந்திருக்க, நான் அவங்க தலைக்கு மேல சாமி மாதிரி சாஞ்சிக்கிட்டு இருக்கவா? நல்லாவா இருக்கு?"

உண்மைதான். அம்மாவின் நாற்காலி உயர்த்தப்பட்டது. என்னுடையது சாதாரண உயரம். இரண்டாவது நாற்காலியால் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. முன்பு இடம் கொடுப்பது மட்டும்தான் பிரச்சினை. இப்போது உயரமும் சேர்ந்துவிட்டது.

பெரியம்மா வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "வேணும்னா அவங்க எல்லாத்துக்கும் அடில கட்ட வச்சி குடுத்துரு புள்ள. அப்புறம் நம்ம எல்லாரும் கூரையில முட்டிக்கிட்டு பேசலாம்."

இதில் விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. தோட்டத்து ஒஃபீஸ் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு கிடையாது. அம்மாவின் அம்மாவும் அப்படித்தான், நானும் பள்ளிக்கூடத்தில் எழுந்து எழுந்துதான் படித்தேன். ஆனால் எலும்புக்கு இது எதுவும் தெரியாது. டைட்டேனியத்துக்கும் தெரியாது. எலும்பு உலோகத்துக்குள் வளர்ந்து பிடிக்கும்வரை அதை நெம்பாமல் இருக்க வேண்டும். பிடித்த பிறகும்கூட நெம்பக் கூடாது.

பாகம் வந்து சேர்ந்த வாரம் அம்மாவை மறுபடி டொக்டரிடம் கூட்டிப்போனேன். கூடவே அம்மாவின் இடுப்பெலும்பின் பிளாஸ்டிக் மாதிரியும் வந்திருந்தது. டொக்டர்மார் அதில் முதலில் பொருத்திப் பழகுவார்கள். வெள்ளையாக, உள்ளங்கை இரண்டில் அடங்கும். ஒரு பக்கத்தில் குழி பெரிதாக, ஓரம் அரித்துப் போயிருந்தது. அம்மா அதை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார்.

"இது என்னோடதா?"

"அதே மாதிரி செஞ்சது."

"இவ்ளோ சின்னதா." பிறகு அரித்த இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் வலிக்கும்" என்றார்.

அம்மாவை உள்ளே பரிசோதனைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தபோது, நான் வெளியே டொக்டரிடம் பலகையைப் பற்றிச் சொன்னேன். தாழ்வாக உட்காருவீர்களா என்று அன்றே கேட்டேனே என்றார் டொக்டர். நீங்கள் கேள்வி கேட்டீர்கள், அது போதாது, உத்தரவாகச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். நோயாளிகளுக்கு நான் உத்தரவு போடுவதில்லை, அவர்களுக்கு விளக்குவதுதான் என் முறை என்றார். நல்ல முறைதான். அம்மாவுக்கு விளக்கம் எல்லாம் விளங்கும். விளங்கிக்கொண்டே எழுந்து நாற்காலியைக் கொடுப்பார் என்று சொன்னேன்.

 அவர் உள்ளே போனார். நானும் போனேன்.

கட்டில் உயரமானது. அம்மா அதன் விளிம்பில் இருந்தார். டொக்டரைக் கண்டதும் இறங்கப் பார்த்தார். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். கட்டிலுக்கு ஏறுவதற்காக வைத்திருந்த மரப்படியைக் காலால் இழுத்தார். அதன்மேல் உட்கார்ந்தார். அவர் உயரமான மனிதர். முழங்கால்கள் மேலே எழும்பி நிற்க, அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் அவருடைய தலை இருந்தது.

அம்மா காலை அவசரமாக விலக்கினார். "ஐயோ மாத்தயா, எழுந்திருங்கள்" என்றார் சிங்களத்தில்.

"மாட்டேன்" என்றார் அவர். "அம்மே, இந்த ஒப்பரேஷனை ஒரு தடவைதான் செய்ய முடியும். செய்த பிறகு யார் வந்தாலும் நீங்கள் மேலே, அவர்கள் கீழே. தோட்டத்துத் துரை வந்தாலும் எழும்பக் கூடாது. நான் வந்தாலும் எழும்பக் கூடாது. இது என் ஓடர். யாராவது கேட்டால் டொக்டரின் ஓடர் என்று சொல்லுங்கள். ஹரித, சரிதானே?"

அம்மா தலையாட்டினார். டொக்டர் எழுந்ததும்தான் மூச்சு விட்டார்.  பஸ்ஸுக்குப் போகும் வழியில், "அந்தப் பெரிய மனுசன் அழுக்குப் படியில ஒக்காந்துட்டாரே" என்றார்.

ஒப்பரேஷன் நீண்டது. பாகம் எலும்பில் உட்கார்ந்தபோது கையால் அழுத்த வேண்டிய தேவைகூட இருக்கவில்லை என்று டொக்டர் பின்பு சொன்னார். நான் வடிவமைத்த ஒன்றைப் பற்றி இப்படி எழுதுவது சரியா என்று தெரியவில்லை, ஆனால் அவர் சொன்னது அதுதான். பழைய கிண்ணத்தின் பிளாஸ்டிக் உள்பாகத்தை எனக்குக் காட்டினார். முன்விளிம்பில், பல்லால் கடித்த மாதிரி ஒரு குழி. கழுத்து இடித்த இடம். அத்தனை பேரும் வந்து போனதன் தடம். நான் அதைப் படம் எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் காட்டவில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோன நாளில் ரோடுவரை வேன். அதற்கு மேலே படிகள். அந்தக் காலில் முழுப் பாரம் வைக்கக் கூடாது. அப்பா உயர நாற்காலியை ரோட்டுக்கு இறக்கிக் கொண்டுவந்திருந்தார். அம்மாவை அதில் இருத்தி, லயத்து ஆண்கள் நாலு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். சாய்ந்துவிடாமல் அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஏறினார். அம்மா இரண்டு கைகளாலும் நாற்காலிக் கையைப் பிடித்தபடி, "எறக்குங்கப்பா, பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பெரியம்மா மேல்படியில் நின்று கும்பிட்டார். "அரோகரா. வழி விடுங்க, சாமி வருது. தொரகூட இப்படி ஏறினதில்ல."

"அக்கா, வாய மூடுங்க" என்றார் அம்மா.

"மூட மாட்டேன். எனக்குத் தெரிஞ்சி இந்தப் படில நாங்க தூக்கிட்டு ஏறின ஒரே ஆளு நீதான். மத்தவங்கள எல்லாம் எறக்கித்தான் கொண்டு போயிருக்கோம்."

ஆண்கள் சிரித்ததில் நாற்காலி ஆடியது. அம்மாவும் சிரித்துவிட்டார்.

அந்த வாரம் வந்தவர்கள் எல்லாரும் லயத்து ஆட்கள். அவர்களிடம் பிரச்சினை இல்லை. தாங்களாகவே தரையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் எலும்பைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். நான் லீவை நீட்டியது வேறு ஆளுக்காக. பெரிய கிளாக்கரின் மனைவி வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம். அம்மா அவரைக் கிளாக்கரம்மா என்பார். அம்மாவின் சம்பள நாள், லீவு நாள், வைத்திய லீவு எல்லாம் அந்த வீட்டு மனிதரின் கையால் எழுதப்பட்டவை. கிளாக்கரம்மா முன்னால் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். கையில் ஒரு பார்சல். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டபோதே அம்மாவின் கைகள் நாற்காலியின் கைகளில் ஊன்றியதைப் பார்த்தேன். உடம்பு முன்னால் சாய்ந்தது. ஊன்றுகோல் பக்கத்தில் இருந்தது. நான் அதை எடுத்து ஒளித்து வைக்கவில்லை. வைத்திருக்கலாம். ஆனால் நான் திங்கட்கிழமை கொழும்புக்குப் போய்விடுவேன்.

கிளாக்கரம்மா உள்ளே வந்தார். அம்மா சாய்ந்தபடியே நின்றுபோனார். அதாவது, உட்கார்ந்தபடியே.

"மன்னிச்சிக்குங்கம்மா" என்றார்.  "எந்திரிக்கக் கூடாதுன்னு டொக்டர் மாத்தயா ஓடர். தொர வந்தாலும் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாரு."

"ஐயோ, எழும்பாதையுங்கோ. ஆர் உங்களை எழும்பச் சொன்னது? இருங்கோ இருங்கோ." கிளாக்கரம்மா சுற்றிப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "இதென்ன கதிரை இவ்வளவு உயரமாக் கிடக்கு?"

"அதுவும் டொக்டர் ஓடர்ங்க" என்றார் அம்மா.

அது உண்மையில் அப்பாவின் ரப்பர் மரக்கட்டை. 

அவர்கள் கொஞ்ச நேரம் பேசினார்கள். கிளாக்கரம்மாவுக்கும் முழங்கால் வலியாம். உங்கட மகளிட்டைச் சொல்லி எனக்கும் ஒண்டு அடிப்பிக்கலாமோ என்று கேட்டார். முழங்காலுக்கு அவ்வளவு அவசியம் வராது என்று விளக்கினேன். அம்மா அந்த நேரம் முழுவதும் நாற்காலிக் கையை விடவில்லை.  முதுகு சாய்மானத்தில் படவில்லை. ஆனால் இடுப்பு நான் வடிவமைத்த கோணத்துக்குள்ளேயே இருந்தது.

அவர் போனதும் அம்மா கேட்டார், "கோவிச்சிருப்பாங்களோ?"

"இல்லம்மா. பார்சல் குடுத்துட்டுத்தானே போனாங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "கோவிச்சா கொழும்புக்குப் போயி டொக்டருகிட்ட சண்ட புடிக்கட்டும். ஒனக்கென்ன."

எதுவும் மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அம்மா கிளாக்கரம்மாவுக்குச் சமமாக உட்காரவில்லை. கிளாக்கரைவிடப் பெரிய ஒருவர் சொன்னதற்காக உட்கார்ந்தார். அந்த ஒழுங்கு அப்படியே இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு பெரிய ஆளை நான் தேடிப் பிடித்தேன், அவ்வளவுதான். வேலை நடந்தது. என் தொழிலில் பல பாகங்கள் அப்படித்தான். இருக்கும் வடிவத்தை மாற்ற முடியாது. அதற்குப் பொருந்துவதைச் செய்ய வேண்டும்.

மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தோம். உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையில் கழன்றதைக் காட்டும் கறுப்புக் கோடு எங்கும் இல்லை. நான் படத்தைப் பெரிதாக்கித் தேடினேன். மூன்று சிறகும் படிந்தே இருந்தன. டொக்டர் வெளிச்சப் பெட்டியின் முன்னால் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"ஹொந்தய்" என்றார் கடைசியில்.

"மாத்தயா" என்றார் அம்மா. "அந்த ஓடர் இன்னும் இருக்கிறதா?"

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இருக்கிறது அம்மே. எடுக்க மாட்டேன்" என்றார்.

"ஹரி மாத்தயா" என்றார் அம்மா.

அப்போதுதான் கவனித்தேன். டொக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அம்மா உள்ளே வந்த உடனேயே உட்கார்ந்திருந்தார்.